கமாவுக்காகப் பிள்ளைகளை விரட்டாதீர்கள்

ஒரு முதுகலை ப்ராஜெக்ட்டைத் திருப்பி அனுப்பத் துறைக்கு நியாயமான காரணங்கள் எத்தனையோ இருக்கலாம். ஆதாரம் போதவில்லை, வாதம் நிற்கவில்லை, படித்ததைப் புரிந்துகொள்ளவில்லை என்று எதைச் சொன்னாலும் ஒப்புக்கொள்வேன். ஆனால் மேற்கோள் குறிப்பில் அடைப்புக்குறிக்குள் கமா சரியில்லை என்று ஒரே வரி எழுதி, நான்கு மாத உழைப்பைத் திருப்பி அனுப்புவதை என்னால் பொறுக்க முடியவில்லை.

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி பக்கத்துப் பிள்ளைகள் ப்ராஜெக்ட் வேலைக்காக என்னிடம் வருவார்கள். நான் வரலாறு படித்தவள், கம்ப்யூட்டரும் கொஞ்சம் தெரியும். இந்த வருஷம் வந்தவர்களில் ஒரு பெண் நாகப்பட்டினம் பக்கத்துக் கடைமடைக் கிராமத்திலிருந்து வருகிறாள். மேட்டூரில் ஜூன் 12 தண்ணீர் திறந்தாலும் அவர்கள் ஊர் வாய்க்காலுக்கு எப்போது வரும் என்று பார்த்துக் கிடக்கும் வீட்டுப் பிள்ளை. கடைமடைப் பாசனத்தைப் பற்றித்தான் எழுதினாள். 1906-இல் ஹெமிங்வே தொகுத்த தஞ்சாவூர் மாவட்ட கெசட்டியரை, அதாவது மாவட்ட விவரத் தொகுப்பை, தேடிப் படித்தாள். பெரிய கோயில் கல்வெட்டுகள் அடங்கிய தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியைப் பார்த்தாள். காவிரி நடுவர் மன்றம் 2007-இல் கொடுத்த இறுதித் தீர்ப்பையும், கர்நாடகம் தமிழ்நாட்டுக்கு 177.25 டிஎம்சி விட வேண்டும் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதையும் எடுத்து வைத்து எழுதினாள். ஊர்ப் பெரியவர்களிடம் உட்கார்ந்து பேசிக் குறிப்பெடுத்தாள். அவ்வளவையும் செய்து கொடுத்தால், "ஏபிஏ ஃபார்மட் இல்லை, சாஃப்ட்வேர் போட்டு சைட்டேஷன் கொடுக்கவும்" என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பிவிட்டார்கள். சைட்டேஷன் என்பது யாருடைய எழுத்தை எடுத்தோம் என்று காட்டும் குறிப்பு, ஏபிஏ என்பது அதற்கு அமெரிக்க உளவியல் சங்கம் வகுத்த முறை. "அக்கா, சாஃப்ட்வேருன்னா எதுக்கா?" என்று என்னிடம் வந்து கேட்கிறாள். எது என்று அந்தத் துறையில் ஒருவரும் சொல்லவில்லை. இரண்டு வருஷப் படிப்பில் ஒரு மணி நேரம்கூட இதற்கென்று வகுப்பு நடந்ததில்லை. கற்றுக்கொடுக்காத ஒன்றுக்கு மதிப்பெண் குறைப்பது எந்த ஊர் நியாயம்?

சரி, சாஃப்ட்வேர் போடலாம். ஜோட்டெரோ என்று சைட்டேஷனுக்கான ஒரு மென்பொருள் இருக்கிறது, இலவசம். அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் வரலாற்று ஆய்வு மையம் ஒன்று உருவாக்கி 2006-இல் வெளியிட்டது. நூல் விவரத்தை ஒருமுறை ஏற்றிவிட்டால், எழுதும் இடத்தில் அடைப்புக்குறிக்குள் பெயரும் ஆண்டும் தானாக வரும், கடைசிப் பட்டியலும் தானாக அமையும். நல்ல கருவி, நானே எல்லோருக்கும் அதைத்தான் சொல்கிறேன். ஆனால் இப்படிப்பட்ட எந்த மென்பொருளும் நாம் கொடுக்கும் விவரத்தைத்தான் அடுக்கித் தரும். அந்த விவரத்தைக் கேட்கும் கட்டங்கள் நம் பெயர்களுக்காக வரையப்பட்டவை அல்ல. முதற்பெயர் என்று ஒரு கட்டம், குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம். நமக்கு ஏது குடும்பப் பெயர்?

உ.வே. சாமிநாதையர் பெயரில் உ என்பது உத்தமதானபுரம், பாபநாசம் பக்கத்து ஊர். வே என்பது அப்பா பெயர். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் பாடம் நடத்திய அந்த மனிதரின் பெயரை ஆங்கிலத்தில் ஏற்றினால், கடைசித் துண்டை மட்டும் குடும்பப் பெயராகப் பிடித்துக்கொண்டு வெறும் 'ஐயர்' என்று அடைப்புக்குறிக்குள் வந்து நிற்கிறது. எந்த ஐயர்? குடவாயில் பாலசுப்ரமணியன் என்றால் டெல்டாவில் கல்வெட்டு, கோயில் பக்கம் ஆர்வமுள்ள யாருக்கும் தெரியும். ஏபிஏ பட்டியலில் அவர் 'பாலசுப்ரமணியன், கு.' ஆகிவிடுகிறார். உரைக்குள் அந்த 'கு' கூட இல்லை. ஊர்ப்பெயரோடுதான் அவரை உலகத்துக்குத் தெரியும், அந்த ஊர்ப்பெயரையே வெட்டிவிட்டால் வாசகன் யாரென்று தேடுவான்?

இதைவிட எனக்கு வயிற்றெரிச்சல் ஒன்று உண்டு. பாஸ்போர்ட்டுக்காகவும் ஜர்னலுக்காகவும் இனிஷியலை விரித்துத் தன் பெயருக்குப் பின்னால் அப்பா பெயரைப் போட்டுக்கொள்ளும் பெண்கள் நம்மிடம் ஏராளம். அவர்கள் கட்டுரையை மேற்கோள் காட்டினால் மென்பொருள் அப்பா பெயரைத்தான் எடுத்துப் போடுகிறது. வயலில் இறங்கி மண் எடுத்துப் பரிசோதித்தது மகள், அடைப்புக்குறிக்குள் நிற்பது அப்பா. இதைப் பிழை என்று எந்தக் கைடும் சிவப்பு மை போட்டு நான் பார்த்ததில்லை. ஆண்டுக்கு முன்னால் கமா விட்டுப்போனால் மட்டும் கண்ணில் படுகிறது.

அரசு அறிக்கைகளின் கதி இன்னும் மோசம். வேர்டிலேயே இருக்கும் சைட்டேஷன் வசதியில் 'கவர்ன்மென்ட் ஆஃப் தமிழ் நாடு' என்று ஆங்கிலத்தில் ஆசிரியர் கட்டத்தில் தட்டினால், அதை ஓர் ஆள் பெயராக எடுத்துக்கொண்டு 'நாடு, 2018' என்று துப்புகிறது. நிறுவனப் பெயர் என்றால் அங்கே 'கார்ப்பரேட் ஆதர்' என்ற கட்டத்தில் டிக் போட வேண்டும். ஜோட்டெரோவில் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னப் பொத்தானை அழுத்தி, இரண்டு கட்டத்தை ஒரே கட்டமாக்க வேண்டும். அந்த ஒற்றைக் கட்டத்தில் 'குடவாயில் பாலசுப்ரமணியன்' என்று முழுசாக எழுதினால் அவர் பெயரும் முழுசாக வரும். இவ்வளவுதான் விஷயம், பத்து நிமிஷத்தில் சொல்லிக் கொடுக்கலாம். ஆனால் அப்படி முழுப்பெயர் போட்டுக் கொடுத்த பிள்ளையிடம் "சர்நேம் எங்கே?" என்று கேட்டுத் திருப்பி அனுப்புகிறார்களே, அவர்களிடம் என்ன பேசுவது? தன் பெயருக்கு முன்னால் இனிஷியல் வைத்திருக்கும் ஒருவர் இதைக் கேட்கிறார்.

பழைய இலக்கியத்துக்கு வருவோம். பட்டினப்பாலையில் 301 அடிகள். எந்தப் பதிப்பை எடுத்தாலும் அடி எண் சொன்னால் போதும், தமிழ் படித்தவர்கள் தலைமுறை தலைமுறையாக அப்படித்தான் குறித்து வந்திருக்கிறார்கள். மென்பொருளோ ஆண்டு கேட்கிறது. ஆண்டுக் கட்டத்தைக் காலியாக விட்டால் 'என்.டி.' என்று இங்கிலீஷில் போட்டுவிடுகிறது. தமிழ்ப் பத்திக்கு நடுவே, காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடிய பாட்டுக்குப் பக்கத்தில், தேதி இல்லை என்று ஓர் இங்கிலீஷ் முத்திரை. மூன்று ஆசிரியர்கள் இருந்தால் மற்றும் பிறர் என்பதற்கு 'எட் ஆல்', இரண்டு பேர் என்றால் நடுவில் ஆங்கில 'அண்ட்' குறி. கல்வெட்டுக்குத் தொகுதி எண்ணும் கல்வெட்டு எண்ணும்தான் முகவரி, இதுவோ பக்கத்தைக் கேட்கிறது. ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றிய பழைய நூல் என்றால் மறுபதிப்பு ஆண்டையோ ஏற்றிய ஆண்டையோ பிடித்துக்கொள்ளும், 1906 எங்கோ காணாமல் போகும். இதையெல்லாம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கையால் சரிசெய்ய வேண்டும். அந்தப் பெண் சரிசெய்தாள். தஞ்சாவூர் பஸ்ஸில் நின்றுகொண்டு போனிலேயே ஆண்டுகளைச் சரிபார்த்தாள்.

அப்புறம் ஜெராக்ஸ் கடை. வீட்டில் லேப்டாப் இல்லாத பிள்ளைகளுக்கு டைப்பிங்கும் ஸ்பைரல் பைண்டிங்கும் அங்கேதான். தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாக அறிவித்தது 2010-இல். இன்றைக்கும் பல கடைகளில் பாமினி என்ற பழைய ஃபான்ட்டில்தான் அடிக்கிறார்கள், அது யூனிகோடு இல்லை. பாமினி எழுத்துக்கு நடுவே மென்பொருள் யூனிகோடில் சைட்டேஷனைச் செருகும், பக்கம் முழுக்க இரண்டு விதமாகத் தெரியும். கடைக்காரர் பாவம், மொத்தத்தையும் ஒரே ஃபான்ட் ஆக்கிக் கொடுப்பார், அங்கேயே எல்லாம் சிதறும். கடையில் கையால் திருத்திய சைட்டேஷன் வீட்டுக்கு வந்து ரெஃப்ரெஷ் கொடுத்ததும் பழையபடி ஆகும். கைடு கூகுள் டாக்ஸில் கேட்டார் என்று ஏற்றிவிட்டு மறுபடி வேர்டுக்கு எடுத்தால், இணைப்பு அறுந்து எல்லாம் வெறும் எழுத்தாகக் கிடக்கும். முதலிலிருந்து செருக வேண்டும். ஜோட்டெரோவில் இதற்கென்றே, வேறு செயலிக்கு மாற்றும் முன் அழுத்த வேண்டிய ஒரு வசதி இருக்கிறது. அதையும் யாரும் சொல்லித் தரவில்லை.

ஊர்ப் பெரியவர்கள் சொன்னதை ரெஃபரன்ஸ் பட்டியலில் சேர்க்கவில்லை என்றும் ஒரு குற்றச்சாட்டு. எந்த ஏபிஏ பேரைச் சொல்லி மிரட்டுகிறார்களோ, அதே ஏபிஏ ஏழாம் பதிப்பு என்ன சொல்கிறது? ஆய்வுக்காக நாம் பேட்டி கண்டவர்களின் சொற்களைப் பட்டியலில் சேர்க்க வேண்டாம், உரைக்குள் சைட்டேஷனும் வேண்டாம், பேட்டியில் சொன்னது என்று உரையிலேயே தெரிவித்தால் போதும் என்கிறது. அந்தப் பெண் செய்தது சரி. திருப்பி அனுப்பியவர் விதியைப் படிக்கவில்லை. இதை நான் எழுதிக் கொடுத்த பிறகும் "நம்ம டிபார்ட்மென்ட்ல இப்படித்தான்" என்று பதில் வந்தது.

இவ்வளவு கறாராகப் பார்க்கிறவர்கள் எதைப் பார்ப்பதில்லை தெரியுமா? இதே பருவத்தில், ஏஐயிடம் கேட்டு வாங்கிய ரெஃபரன்ஸ் பட்டியலோடு ஒரு பையன் வந்தான். கமா, சாய்வெழுத்து, அடைப்புக்குறி எல்லாம் அச்சுப் போல இருந்தது. தேடிப் பார்த்தால் பாதி நூல்கள் உலகத்தில் இல்லை. வேண்டாம் என்று சொன்னேன், கேட்கவில்லை, கொடுத்துவிட்டான், ஒரு கேள்வியும் இல்லாமல் ஏற்றுக்கொண்டார்கள். உண்மையான கெசட்டியரைப் புரட்டியவள் திரும்பத் திரும்ப அலைகிறாள்.

சைட்டேஷன் வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2018-இல் கொண்டுவந்த விதிப்படி பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 சதவீதத்தைத் தாண்டினால் திருத்தி எழுத வேண்டும், 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. யாருடைய சொல்லை எடுத்தோம் என்று காட்டுவது அவ்வளவு பெரிய விஷயம். அதனால்தான் கேட்கிறேன். முதல் பருவத்திலேயே ஒரு மதியம் லேப்பைத் திறந்து, ஜோட்டெரோவை ஏற்றி, தமிழ்ப் பெயரை ஒற்றைக் கட்டத்தில் போடக் காட்டுங்கள். சங்க நூலுக்கு அடி எண், கல்வெட்டுக்குத் தொகுதி எண் என்று துறை சார்பாக ஒரு பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள். சாஃப்ட்வேர் வேண்டுமென்றால் எது என்று பெயர் சொல்லுங்கள், அதைக் கைடுகளும் ஒருமுறை தாங்களே போட்டுப் பாருங்கள்.

வைவா என்ற வாய்மொழித் தேர்வு அடுத்த வாரம். கமாவைப் பற்றிக் கேட்கும் நேரத்தில், கெசட்டியரில் வாய்க்கால் பராமரிப்பு பற்றி எந்தப் பக்கத்தில் என்ன படித்தாய் என்று அந்தப் பெண்ணிடம் கேளுங்கள். அந்தப் பையனிடமும் அவன் பட்டியலிலிருந்து ஏதாவது ஒரு நூலைக் காட்டி அதே கேள்வியைக் கேளுங்கள்.