தினம் ஆயிரம் சொல் கணக்கு எங்களுக்கு ஒத்துவராது
தினமும் ஆயிரம் சொல் எழுதினால் ஒரே வருடத்தில் புத்தகம் கையில் என்று, புத்தகம் எழுதுவது பற்றிய கட்டுரையில் அதன் ஆசிரியர் சொல்வது நாவல் எழுதுகிறவர்களுக்கு வேண்டுமானால் சரி. பர்மாவின் யாங்கோனில் (பழைய ரங்கூன்) இருந்துகொண்டு எங்கள் வட்டாரத் தமிழ்க் குடும்பங்களின் கதையைத் தொகுத்த எனக்கு, எழுதியதைவிட அலைந்ததுதான் அதிகம். பெரியவர்கள் யாரும் வருடம் சொல்ல மாட்டார்கள். "ஜப்பான்காரன் குண்டு போட்டப்ப எனக்குப் பால்பல் விழுந்துச்சு" என்பார் ஒரு தாத்தா. அது 1941 டிசம்பர் என்று நாம்தான் பிடிக்க வேண்டும். ஒரு பாட்டி, நோட்டு செல்லாமல் போன மாதம் தனக்குக் கல்யாணம் என்றார். 50, 100 சாட் (பர்மிய நாணயம்) நோட்டுகளை அரசு செல்லாதென்று அறிவித்தது 1964 மே மாதம். மொய்யில் விழுந்த நூறு சாட் நோட்டுகளைத் தூக்கிக்கொண்டு அவருடைய அப்பா அலைந்த கதையை ஒரு மாலை முழுக்கச் சொன்னார். அன்று நான் ஒரு வரிகூட எழுதவில்லை. ஆனால் புத்தகத்திலேயே உருப்படியான அத்தியாயம் அதுதான். (கரண்ட் இல்லாத நாளில் ஆயிரம் சொல்லை எப்படித் தட்டுவது என்பது தனிக் கதை.) அதே கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒரு நண்பர், பர்மாவில் தமிழ்ப் புத்தகத்தை யார் படிப்பார்கள் என்று கேட்டிருக்கிறார். உண்மைதான், விற்ற காசு அச்சுக்கூலிக்கே போதவில்லை. ஆனால் கோயில் வகுப்பில் தமிழ் படித்த பேத்தி எழுத்துக்கூட்டி வாசிக்க, அந்தப் பாட்டி முழுதும் கேட்டுவிட்டார். கல்யாணத்துக்கு வந்திருந்தவர்கள் பேரையெல்லாம் அடுத்த பதிப்பில் சேர்க்கச் சொல்லி இப்போது பட்டியல் கொடுத்து அனுப்பியிருக்கிறார்.