கூட்டத்தில் மூளை அணைந்துவிடுமா? வாட்ஸ்அப் தகவல் தவறு

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு தகவல் சுற்றுகிறது: "கூட்டத்தில் மூளை சிந்திக்காது. ஆஷ் என்ற விஞ்ஞானியின் சோதனையில் எல்லோருமே கூட்டம் சொன்னதையே சொன்னார்கள்." இது உண்மையல்ல.

அமெரிக்க உளவியலாளர் சாலமன் ஆஷ் 1951-ல் வெளியிட்ட சோதனை அது. ஓர் அட்டையில் ஒரு கோடு, இன்னொன்றில் மூன்று. எது அதே நீளம் என்று சொல்ல வேண்டும். அறையில் ஒருவருக்குத்தான் விஷயம் தெரியாது. மற்றவர்கள் முன்பே பேசிவைத்தபடி தவறாகச் சொன்னார்கள். அப்படியும் சுமார் மூன்றில் ஒரு பங்கு பதில்கள்தான் கூட்டத்தோடு போயின. முக்கால்வாசிப் பேர் ஒரு தடவையாவது மசிந்தார்கள், சரி. ஆனால் நாலில் ஒருவர் கடைசிவரை மசியவே இல்லை. அப்புறம், இன்னும் ஒரே ஒருவர் சரியாகச் சொன்னதும் தவறுகள் வெகுவாகக் குறைந்தன. முக்கியமான இந்த விஷயத்தைத்தான் அந்தத் தகவல் விட்டுவிட்டது.

மூளையும் அணைவதில்லை. 2009-ல் மூளை ஆய்வாளர் வசிலி க்ளூச்சரெவ் குழு நடத்திய ஸ்கேன் ஆய்வில், ஒருவரின் கருத்து மற்றவர்களோடு ஒத்துப்போகாதபோது, அவர் மூளையில் தவறு நடந்தால் விழித்துக்கொள்ளும் பகுதி வேகமெடுத்தது. வெகுமதிக்கான பகுதி அடங்கியது.

போன மாதம் எங்கள் ஊர் பால் சொசைட்டிக் கூட்டம். தீவன விலைக்கு எல்லோரும் கை தூக்கினார்கள். பின்வரிசையில் ஓர் அக்கா மட்டும் மடியிலிருந்த கையை எடுக்கவில்லை. "எனக்குச் சம்மதமில்லைங்க" என்றார். தூக்கியிருந்த கைகளில் நாலு மெல்ல இறங்கின.