கடிதம் எழுதாத வீடுகள்

போன ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் எங்கள் கழகத்தின் நிர்வாகக் கூட்டம் வாசிகசாலையில் நடந்தது. இந்த ஆண்டு யார் யாருக்கு உதவுவது என்பதுதான் விடயம். வந்திருந்த கடிதங்களைச் செயலாளர் தம்பி ஒவ்வொன்றாக வாசித்தார். ஒரு சிறுவர் இல்லம், இரண்டு முன்பள்ளிகள், ஒரு முதியோர் சங்கம், ஒரு பாடசாலையின் பழைய மாணவர் சங்கம், ஒரு கோயில். எல்லாமே நல்ல காரியங்கள். கை உயர்த்தினோம், கூடுதலான கை விழுந்த மூன்றுக்கும் காசைப் பங்கிட்டோம். அரை மணித்தியாலத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை. குளத்து வாய்க்காலைத் தாண்டி உள்ளே போகிற ஒழுங்கையில் ஒரு வீடு இருக்கிறது. அந்த வீட்டிலிருந்து எங்களுக்கு ஒரு கடிதமும் வரவில்லை. வரவும் மாட்டாது.

அங்கே இருக்கிற அண்ணைக்கு 2009இல் போரின்போது முதுகில் செல் (எறிகணை) துண்டு பட்டது. இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. முள்ளந்தண்டு பாதிக்கப்பட்ட ஒருவரைப் பராமரிப்பது என்றால் என்னவென்று பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் படுக்கைப் புண் வந்துவிடும். உணர்வில்லாத இடத்தில் வருகிற புண் வலிக்காது. அதனால் அது உள்ளே போய் எலும்பைத் தொடும் வரைக்கும் வெளியே தெரியாமல் இருக்கக்கூடும். சிறுநீர் போகிற குழாயை நேரத்துக்கு மாற்றாவிட்டால் கிருமி பிடித்துச் சிறுநீரகம் வரை போகும். காற்று மெத்தை வேண்டும், பம்பர்ஸ் வேண்டும், புண் கட்டும் துணி வேண்டும். ஒரு முறை கொடுத்து முடிகிற செலவு இது இல்லை. மாதா மாதம், வருடா வருடம் வருகிற செலவு.

இதையெல்லாம் செய்து கொண்டு, காலையில் தோட்டத்துக்குக் களை பிடுங்கப் போய்வருகிற அந்த வீட்டு அக்கா எப்போது கடிதத் தலைப்பு அடித்து, முத்திரை குத்தி, எங்கள் தலைவருக்கு விண்ணப்பம் எழுதுவது? மாங்குளத்தில் உயிரிழை போன்ற அமைப்புகள் இப்படிப் பாதிக்கப்பட்டவர்களுக்காக இருக்கின்றன. எங்கள் கடிதக் கோவையில் அவர்களைப் பற்றியும் ஒரு வரி கிடையாது. அவர்கள் கேட்டு வரவில்லை, நாங்களும் தேடிப் போகவில்லை.

என் மனதில் கிடப்பது இதுதான். நாங்கள் தேவையைப் பார்த்துத் தெரிவு செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டு, கடிதத்தைப் பார்த்துத் தெரிவு செய்துகொண்டிருக்கிறோம். எழுதத் தெரிந்தவர், ஆளணி உள்ளவர், நிர்வாகத்தில் ஒரு சொந்தக்காரர் உள்ளவர், இவர்களுடைய தேவைதான் எங்கள் மேசைக்கு வந்து சேர்கிறது.

அப்படியென்றால் யாரிடம் கேட்பது? ஊருக்குள்ளேயே ஆட்கள் இருக்கிறார்கள். குடும்ப நல உத்தியோகத்தர் வீடு வீடாகப் போகிறவர், எந்த வீட்டில் பிள்ளையின் நிறை குறைகிறது என்று அவருக்குத் தெரியும். பெயர்களை அவர் எங்களிடம் சொல்ல வேண்டாம், சொல்லவும் கூடாது. அந்த வீட்டாரிடம் அவரே கேட்டு, அவர்களுக்கு விருப்பம் என்றால் எங்களுக்கு வழிகாட்டினால் போதும். வரவுப் பதிவேடு எடுக்கிற ரீச்சருக்கு எந்தப் பிள்ளை வெள்ளிக்கிழமைகளில் வருவதில்லை என்று தெரியும். சந்திக் கடைக்காரருக்கு யாருடைய கடன் கொப்பி நிரம்பி வழிகிறது என்று தெரியும். அரசாங்கத்தின் அஸ்வெசும உதவிப் பணம் 2023இல் தொடங்கியபோது பெயர் விடுபட்டுப் போன குடும்பங்கள் எவை என்று எங்கள் மாதர் சங்கத் தலைவி அக்காவைக் கேட்டால் விரல்விட்டு எண்ணிச் சொல்வார்.

சிறுவர் இல்லம் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இதைக் கூட்டத்தில் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை, இங்கே எழுதுகிறேன். இல்லங்களில் இருக்கிற பிள்ளைகள் எல்லோரும் தாய் தகப்பன் இல்லாதவர்கள் என்று பலர் நினைக்கிறார்கள். இலங்கை முழுவதிலும் பார்த்தால் அப்படியில்லை, பெரும்பாலானோருக்குத் தாயோ தகப்பனோ இருவருமோ உயிரோடு இருக்கிறார்கள். வறுமையும், பிள்ளையைப் பார்க்க ஆளில்லாமல் தாய் வேலைக்குப் போக வேண்டியிருப்பதும், மறுமணமும், வெளிநாட்டு வேலையும்தான் பல பிள்ளைகளை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கின்றன. போருக்குப் பிறகு பெண் தலைமையில் நிற்கிற குடும்பங்கள் வன்னியில் எத்தனை என்று நான் சொல்லத் தேவையில்லை, எங்கள் ஒழுங்கைகளில் நடந்து பார்த்தாலே தெரியும். அந்தத் தாயின் கையில் மாதம் ஒரு தொகை நிச்சயமாகக் கிடைத்தால் பிள்ளை தன் வீட்டிலேயே இருந்து படிக்கும் அல்லவா? இல்லத்துக்குக் கொடுக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முகாமிலிருந்து திரும்பி வந்த காலத்தில் அந்த இல்லங்கள் இல்லாவிட்டால் எத்தனையோ பிள்ளைகள் தெருவில் நின்றிருப்பார்கள். ஆனால் கொடுப்பதற்கு முன் போய்ப் பார்த்துச் சில கேள்விகள் கேட்க வேண்டும். மாகாண நன்னடத்தை சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்தில் பதிவு இருக்கிறதா? தாய்மார் வந்து பார்க்க விடுகிறார்களா? போன வருடம் எத்தனை பிள்ளைகள் திரும்ப வீட்டுக்குப் போனார்கள்? நல்ல இல்லம் இதற்கெல்லாம் சந்தோஷமாகப் பதில் சொல்லும்.

நாங்கள் ஒரு முறை தவறியதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன் தையல் மெசின்கள் வாங்கிக் கொடுத்தோம். மேடை போட்டுப் படம் எடுத்தோம். பிறகு ஒருவரும் போய்ப் பார்க்கவில்லை. ஒரே ஊரில் அத்தனை பேர் தைத்தால் தைக்கக் கொடுக்க யார் இருக்கிறார்கள் என்று அன்று நாங்கள் யோசிக்கவே இல்லை. நுண்கடன் தவணை கட்ட முடியாமல் ஒரு தங்கச்சி மெசினை விற்றுவிட்டாள் என்று பிறகு கேள்விப்பட்டேன். அவளில் எனக்குக் கோபமில்லை. அவளுக்கு அன்று கடன்தான் கழுத்தை நெரித்தது, நாங்கள் கொடுத்தது மெசின்.

காலமும் முக்கியம். 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்து வெள்ளம் வந்தபோது எங்கெங்கிருந்தோ லொறி லொறியாகச் சாமான் வந்தது. அதற்கு நன்றியுடன் இருக்கிறோம். ஆனால் ஆடி ஆவணியில், வயல் காய்ந்து கூலி வேலை இல்லாமல் இருக்கும்போது எந்த லொறியும் வருவதில்லை. கொப்பிகள் தவணைத் தொடக்கத்தில் குவியும், நடுத்தவணையில் பிள்ளை பழைய கொப்பியின் பின்பக்கத்தில் எழுதும். எங்களைப் போல ஊருக்குள்ளே இருக்கிற ஒரு கழகம் செய்ய வேண்டியது மற்றவர்கள் வராத அந்த மாதங்களில்தான்.

எனவே வருகிற பொதுக்கூட்டத்தில் நான் இதைக் கேட்கப் போகிறேன். மூன்று இடத்துக்குப் பங்கிடுகிற காசில் பாதியைத் தனியே எடுத்து வைப்போம். அதைக் கடிதம் எழுதாத வீடுகளுக்கு, குறைந்தது 3 வருடத்துக்கு, மாதாமாதம் என்று வாக்குக் கொடுப்போம். இரண்டு வீடு என்றால் இரண்டு வீடு போதும். தெரிவு செய்ய மூன்று பேர் நேரில் போகட்டும், அதில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும், ஏனென்றால் பல விடயங்களை அந்த அக்காமார் எங்களிடம் சொல்ல மாட்டார்கள். சொந்தக்காரருடைய பெயர் வந்தால் அந்த உறுப்பினர் வெளியே போய் இருக்கட்டும். கணக்கு வாசிகசாலைச் சுவரில் ஒட்டப்படட்டும், வீட்டுக்காரரின் பெயரும் படமும் எங்கேயும் வர வேண்டாம். கனடாவிலிருந்தும் சுவிஸிலிருந்தும் காசு அனுப்புகிற எங்கள் ஊர்ப் பிள்ளைகளே, படம் வரவில்லை என்று தயவுசெய்து சந்தேகப்படாதீர்கள். பற்றுச்சீட்டு வரும். முட்டை விற்று மாதம் 100 ரூபாய் சந்தா கட்டுகிற எங்கள் ஆச்சிக்கும் அதே பற்றுச்சீட்டுத்தான்.

முன்பள்ளிக்கும் முதியோர் சங்கத்துக்கும் குறைகிறதே என்று சிலர் வருத்தப்படலாம். அவர்களிடம் நானே போய்க் கதைக்கிறேன்.

கூட்டம் வருகிற ஞாயிறு பின்னேரம் 4 மணிக்கு. நேரில் வர முடியாதவர்கள் அதற்கு முன் உங்கள் கருத்தை எழுதிவிடுங்கள், அங்கே வாசிக்கிறேன். உங்களுக்குத் தெரிந்த வீடு இருந்தால் பெயரைக் கீழே எழுதாமல் எனக்குத் தனியே சொல்லுங்கள். தொலைபேசி எடுப்பவர்கள் இரவு 8 மணிக்குப் பிறகு எடுங்கள், பகலில் வயலில் நிற்பேன்.