எண்டோராவுக்கு முன்பும் ஆக்னஸ் மூர்ஹெட் இருந்தார்

அமெரிக்க நடிகை ஆக்னஸ் மூர்ஹெட்டை 'பிவிட்ச்ட்' தொலைக்காட்சித் தொடரின் சூனியக்கார மாமியார் எண்டோரா வேடம்தான் வெளியே தெரியவைத்தது, அதற்கு முன் அவர் துணை நடிகை மட்டுமே என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். அது சரியில்லை. அந்தத் தொடர் தொடங்கியது 1964-இல். அதற்குள் அவர் மூன்று முறை ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டிருந்தார். நான்காவது பரிந்துரையும் அதே 1964-இல் வந்த படத்துக்குத்தான். ஆஸ்கர் கிடைக்கவே இல்லை என்பது வேறு விஷயம்.

இயக்குநர் ஆர்சன் வெல்ஸின் மெர்குரி நாடகக் குழுவில் இருந்தவர் அவர். வெல்ஸ் இயக்கி 1941-இல் வந்த 'சிட்டிசன் கேன்' படத்தில் நாயகன் கேனின் அம்மாவாக வருவது சில நிமிடங்களே. மகனை அனுப்பிவைக்கும் அந்த முகத்தை மறக்க முடியுமா?

அப்புறம் வானொலி. 1943-இல் 'சாரி, ராங் நம்பர்' நாடகத்தை ஏறக்குறைய முழுக்கத் தன் குரலிலேயே தாங்கினார்: தொலைபேசியும் கையுமாகப் பதறும் ஒரு பெண். 1948-இல் படமானபோது அந்த வேடம் பார்பரா ஸ்டான்விக்குக்குப் போனது. எனக்கு இன்றும் அது வருத்தம்தான்.

இதற்கு நேர்மாறாக, 1961-இல் 'தி ட்விலைட் ஸோன்' தொடரின் ஓர் அத்தியாயத்தில் அவருக்கு ஒரு வசனம்கூட இல்லை. உடம்பாலும் மூச்சாலும் மட்டுமே பயத்தைக் காட்டுவார். குரலை மட்டும் வைத்தும், பேச்சே இல்லாமலும் இப்படி நடித்துக் காட்டியவரை ஒரே வேடத்தில் அடைக்காதீர்கள். எண்டோராவை எனக்கும் பிடிக்கும். ஆனால் தொலைக்காட்சிக்கான எம்மி விருதுகூட அவருக்கு அந்த வேடத்துக்குக் கிடைக்கவில்லை. 1967-இல் 'தி வைல்ட் வைல்ட் வெஸ்ட்' தொடரில் நடித்ததற்குத்தான் கிடைத்தது.