விழாவிட்டால் எந்த நாட்டுக்கு?

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒரு சண்டை. "லாட்டரியைத் திரும்பக் கொண்டுவந்தாலே போதும், டாஸ்மாக்கை மூடிவிடலாம். கேரளாக்காரன் நடத்துறானே, நமக்கென்ன?" என்று சித்தப்பா ஒருவர் போட்டார். பத்துப் பேர் கைதட்டும் பொம்மை போட்டார்கள். நான் 2004இலிருந்து அமெரிக்காவில் மேரிலாந்தில் இருக்கிறேன். இதே பேச்சை இங்கே ஓட்டுக்கே விட்டார்கள். குழுவில் எழுதினால் "நீ அங்க உக்காந்துகிட்டுப் பேசாத" என்பார்கள். அதனால் இங்கே எழுதுகிறேன்.

2007 கடைசியில் இந்த மாநிலத்தின் பட்ஜெட்டில் 150 கோடி டாலருக்கு மேல் துண்டு விழுந்தது. கவர்னர் மார்ட்டின் ஓ'மாலி சிறப்புக் கூட்டத்தொடர் கூட்டி, விற்பனை வரியை 5 சதவீதத்திலிருந்து 6 ஆக்கினார். ஆனால் ஸ்லாட் மெஷின், அதாவது பணம் போட்டுப் பொத்தானைத் தட்டிச் சூதாடும் இயந்திரம், அந்த விஷயத்தை மட்டும் சட்டமன்றம் தன் தலையில் போட்டுக்கொள்ளவில்லை. முந்தைய கவர்னர் எர்லிக் நான்கு வருடம் முட்டி மோதியும் சட்டமாகாத விவகாரம் அது. அரசியலமைப்புத் திருத்தமாக்கி, "நீங்களே சொல்லுங்கள்" என்று மக்கள் பக்கம் தள்ளிவிட்டார்கள்.

2008 நவம்பர் 4. ஒபாமா ஜெயித்த அதே நாள், அதே வாக்குச்சீட்டில் இரண்டாவது கேள்வியாக அது இருந்தது. ஐந்து இடங்கள், மொத்தம் 15,000 மெஷின்கள். முதன்மை நோக்கம், பள்ளிப் பிள்ளைகளின் கல்விக்கு வருமானம். பிள்ளைகளின் படிப்பு என்று எழுதியிருப்பதைப் படித்த பிறகு யாருக்கு "வேண்டாம்" போட மனசு வரும்? ஏறக்குறைய 59 சதவீதம் பேர் "சரி" என்றார்கள். எனக்கு அப்போது ஓட்டு இல்லை. இருந்திருந்தால் நானும் சரி என்றுதான் போட்டிருப்பேன், மறைக்க ஒன்றுமில்லை. டெலவேர், மேற்கு வர்ஜீனியா, பென்சில்வேனியா என்று சுற்றியிருக்கும் மூன்று மாநிலங்களில் மெஷின் இருந்தது. நம் ஆட்கள் காரை எடுத்துக்கொண்டு அங்கே போய்க் கொட்டிவிட்டு வந்தார்கள். அந்தப் பணம் இங்கேயே இருக்கட்டுமே என்பது அப்போது நியாயமாகத்தான் பட்டது.

இதில் ஒரு வேடிக்கை. மேரிலாந்துக்கு ஸ்லாட் மெஷின் புதிதல்ல. தெற்கு மாவட்டங்களில் 1940களிலிருந்தே சட்டப்படி இருந்தது. வால்டார்ஃப் பக்கம் நெடுஞ்சாலையோரம் முழுக்கச் சூதாட்டக் கூடங்கள்தான். போதும் போதும் என்றாகி, 1968இல் கடைசி மெஷினையும் தூக்கினார்கள். நம் ஊரில் அண்ணா முதல்வராக இருந்து அரசு லாட்டரியை ஆரம்பித்ததும் அதே 1968தான்.

என் பெரியப்பாவுக்குக் கும்பகோணம். வாரா வாரம் லாட்டரிச் சீட்டு வாங்கிய ஆள். அவர் இங்கே வந்திருந்தபோது, வீட்டிலிருந்து இருபது நிமிடத்தில், ஒரு ஷாப்பிங் மாலுக்குப் பக்கத்தில் இருக்கும் சூதாட்டக் கூடத்துக்கு அழைத்துப் போனேன். அவர்தான் பார்க்கணும் என்றார். செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணி. வெளியே நல்ல வெயில். உள்ளே போனால் காலையா ராத்திரியா தெரியாது. ஜன்னல் கிடையாது, கடிகாரம் கிடையாது. நாணயம் கலகலவென்று கொட்டும் என்று எதிர்பார்த்தார், அதுவும் கிடையாது. நோட்டைச் செருகினால் திரையில் எண்ணாகிவிடுகிறது. பக்கத்து இருக்கையில் அவர் வயசு அம்மாள் ஒருவர். மெஷினில் செருகிய உறுப்பினர் அட்டையிலிருந்து பழைய டெலிபோன் போலச் சுருள் வயர் ஒன்று அவர் சட்டைப் பொத்தானுக்கு வந்தது. பார்க்க, யார் யாரைக் கட்டி வைத்திருக்கிறார்கள் என்று சொல்ல முடியவில்லை.

பெரியப்பா 40 டாலர் போட்டார். ஒரு தட்டுக்கு 40 சென்ட். நான்காவது தட்டிலேயே விளக்கெல்லாம் எரிந்து, மணி அடித்து, பாட்டுப் பாடியது. "விழுந்துடுச்சுடா!" என்று என் தோளைத் தட்டினார். எட்டிப் பார்த்தேன். விழுந்தது 12 சென்ட். அதாவது 28 சென்ட் போயிருக்கிறது. அதற்குத்தான் அந்த மேளதாளம்.

மெஷின் வேலை செய்வதே இப்படித்தான். நூறு டாலர் போட்டால் சராசரியாக 87 டாலராவது திரும்ப வர வேண்டும் என்று மேரிலாந்துச் சட்டமே சொல்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. 90 என்றே வைத்துக்கொள்வோம். ஆறு நொடிக்கு ஒரு தட்டு என்றால் மணிக்கு 600 தட்டு, 240 டாலர் பந்தயம். அதில் பத்துச் சதவீதம், 24 டாலர், மணிக்கு மணி போகும். வந்ததையே திரும்பத் திரும்பப் போடுவதால் போவது தெரியாது. லாட்டரிச் சீட்டிலாவது வாங்கியவன் குலுக்கல் வரை சும்மா இருந்தான். இது ஆறு நொடிக்கு ஒரு குலுக்கல்.

ஒன்றரை மணி நேரத்தில் திரையில் 18 சென்ட் மிச்சம். அதற்கு ஒரு சீட்டு அச்சாகி வந்தது. பெரியப்பா அதைப் பர்சில் வைத்துக்கொண்டு, காரில் ஏறியதும் கேட்டார்: "விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்குன்னு நம்ம ஊர்ல லாட்டரிக்குச் சொல்வாங்க. இது எந்த நாட்டுக்குடா போச்சு?"

நல்ல கேள்வி. சட்டப்படி அன்று நடத்துபவருக்கு ஒரு பங்கு, குதிரைப் பந்தயப் பரிசுத் தொகைக்கு ஒரு பங்கு, உள்ளூருக்குக் கொஞ்சம், பெரும்பங்கு கல்வி நிதிக்கு. கல்விக்குப் போனது பொய்யில்லை. ஆனால் மாமனார் மாதம் ஐயாயிரம் பேரனின் ஸ்கூல் ஃபீஸுக்கென்று தருகிறார் என்று வையுங்கள். அதை ஃபீஸாகவே கட்டிவிட்டு, அதுவரை ஃபீஸுக்கு எடுத்துவைத்த உங்கள் ஐயாயிரத்தில் டிவித் தவணை கட்டினால்? மாமனார் காசு ஸ்கூலுக்குத்தான் போனது. பேரனுக்கு ஒரு பைசா கூடுதலாகக் கிடைக்கவில்லை. இங்கே நடந்தது அதுதான். மெஷின் பணம் கல்விக்கு உள்ளே வர வர, பொது நிதியிலிருந்து கல்விக்குப் போன பணம் பின்வாசல் வழியாக வேறு செலவுக்குப் போனது. என் மகள் இரண்டாம் வகுப்பைப் பள்ளி மைதானத்தில் நிறுத்தியிருந்த டிரெய்லரில் படித்தாள். அந்த வருடமும் சாக்லேட் விற்றுத்தான் நிதி திரட்டினோம்.

நடுவில் 2012இல் இன்னொரு ஓட்டு: ஆறாவது இடமும், சீட்டாட்ட மேசைகளும். சூதாட்ட நிறுவனமான எம்ஜிஎம் ஒரு பக்கம், பக்கத்து மாநிலத்தில் கூடம் வைத்திருந்த பென் நேஷனல் நிறுவனம் எதிர்ப்பக்கம். இரண்டு தரப்பும் சேர்த்து 9 கோடி டாலருக்கு மேல் பிரசாரத்தில் இறங்கியது. டிவியைப் போட்டால் இரண்டு பக்க விளம்பரத்திலும் பள்ளிக்கூடம்தான். 52 சதவீதத்தில் தப்பித்தது.

அப்புறம் 2018இல், அந்தப் பணத்தைப் பள்ளிகளுக்குக் கூடுதலாகவே தர வேண்டும், பழைய ஒதுக்கீட்டுக்குப் பதிலாக வைக்கக் கூடாது என்று பூட்டுப் போட மூன்றாவது ஓட்டு. 89 சதவீதம் ஆதரவு. அப்போது எனக்குக் குடியுரிமை வந்திருந்தது, நானும் போட்டேன். முதல் ஓட்டில் சொன்னதை உண்மையாக்கப் பத்து வருடம் கழித்து இன்னொரு ஓட்டு தேவைப்பட்டது. வரிசையில் என் முன்னால் நின்ற பெரியவர் "இதற்குத்தானே அன்றைக்கே ஓட்டுப் போட்டோம்?" என்று சத்தமாகவே கேட்டார்.

சித்தப்பாவுக்கு என் பதில் இதுதான். சூதாட்டம் பாவம் என்றெல்லாம் நான் சொல்ல வரவில்லை. ஒன்று வந்தால் இன்னொன்று போகும் என்கிறீர்களே, அது இங்கே நடந்து நான் பார்த்ததில்லை. இங்கே அரசு லாட்டரி ஏற்கனவே இருந்தது. அதன் மேல் மெஷின் வந்தது, மேசை வந்தது, 2020இல் விளையாட்டுப் பந்தயமும் ஓட்டில் ஜெயித்து வந்தது. எதுவும் எதையும் அனுப்பவில்லை. நம் ஊரில் 2003இல் லாட்டரியை நிறுத்தினார்கள்தான், ஆனால் அரசு அந்த மாதிரிக் காசை விட்டுவிடவில்லை. அதே வருடம்தான் மதுக்கடைகளை டாஸ்மாக் நேரடியாக எடுத்துக்கொண்டது. பணம் வேண்டுமென்றால் வரி என்று சொல்லிக் கேளுங்கள். அப்போது எல்லோரும் கொடுப்பார்கள், எல்லோரும் கணக்குக் கேட்பார்கள். செவ்வாய்க்கிழமை காலையில் வயரோடு உட்கார்ந்திருந்த அந்த அம்மாள் யாரிடம் கணக்குக் கேட்பார்?

இதையெல்லாம் எழுதிக்கொண்டிருக்கும்போதே பெரியப்பா குழுவில் ஒரு படம் போட்டிருக்கிறார். அந்த 18 சென்ட் சீட்டு. இத்தனை வருடத்தில் அச்சு முழுக்க மங்கிவிட்டது. அவர் சொன்னால்தான் அது என்னவென்று தெரியும். சித்தப்பா அதற்கும் கைதட்டியிருக்கிறார்.