விடை வந்துவிட்டால் கேள்வி சரியாகிவிடுமா?

தேர்வுக்குத் தயாராகிறவர்கள், விடைக்குறிப்போடு தங்கள் விடை ஒத்துப்போகாதபோதுதான் கேள்வியைத் திரும்பப் படிக்கிறார்கள். ஒத்துப்போய்விட்டால் அடுத்த கணக்கு. இயற்கணிதத்தில் தப்பான கேள்விகள் ஒளிந்திருப்பதோ பெரும்பாலும் அந்த இரண்டாவது கூட்டத்தில்.

இதைப் பாருங்கள். "இரண்டு மெய்யெண்களின் கூடுதல் 4, பெருக்கல்பலன் 5. அவற்றின் வர்க்கங்களின் கூடுதல் என்ன?" சூத்திரம் தெரிந்தவர் பென்சிலைக்கூடத் தொட மாட்டார். கூடுதலின் வர்க்கம் 16-இல் பெருக்கல்பலனின் இரு மடங்கு 10 போனால் 6. விடைக்குறிப்பும் 6 என்கிறது. சரி, அந்த இரண்டு எண்கள் எவை என்று கேளுங்கள், குட்டு உடைந்துவிடும். கூடுதல் 4 என்றால் மெய்யெண்களின் பெருக்கல்பலன் அதிகபட்சம் 4தான், அதுவும் 2, 2 என்று எடுத்தால். 5 வரவே வராது. தன்மைகாட்டி (மைனஸாக வந்தால் மெய்யெண் விடை இல்லை என்று காட்டும் எண்) போட்டாலும் 16 − 20 = −4. 'மெய்' என்ற ஒரு சொல் இல்லாதிருந்தால் கலப்பெண்களை வைத்து 6 சரிதான். அந்தச் சொல்தான் கேள்வியைக் கொன்றுவிட்டது. இதற்கு ஒரே வரிச் சோதனை போதும்: கூடுதலின் வர்க்கம், பெருக்கல்பலனின் 4 மடங்குக்குக் குறையக் கூடாது.

இதன் தம்பி இன்னொன்று. "ஒரு மெய்யெண்ணையும் அதன் தலைகீழியையும் கூட்டினால் 1. இரண்டின் வர்க்கங்களையும் கூட்டினால்?" 1 − 2 = −1. வர்க்கங்களைக் கூட்டி மைனஸ் வருகிறது, விடைக்குறிப்பு எழுதியவருக்கு உறுத்தவே இல்லை! 1-க்குப் பதில் 3 என்றிருந்தால் விடை 7, ஒரு வம்பும் கிடையாது. பழைய கணக்கில் எண்ணை மட்டும் மாற்றிப் புதுக் கணக்கு செய்தால் இப்படித்தான் ஆகும்.

வர்க்கமூலம் வந்தால் வேறு மாதிரி ஆபத்து. √(எக்ஸ் + 3) = எக்ஸ் − 3. இருபுறமும் வர்க்கப்படுத்தினால் மூலங்கள் 1, 6. "மூலங்களின் கூடுதல் 7" என்று விடைக்குறிப்பு சொன்னால் நம்பாதீர்கள். 1-ஐப் போட்டால் இடப்பக்கம் 2, வலப்பக்கம் −2. நிற்பது 6 மட்டும்.

விகிதக் கணக்குகளில் இதற்கு நேர்மாறாக, விடை ஒன்றுக்கு இரண்டாக வரும். அ/(ஆ+இ) = ஆ/(இ+அ) = இ/(அ+ஆ) என்று கொடுத்து அந்த மதிப்பைக் கேட்பார்கள். எல்லாரும் எழுதுவது 1/2. அ + ஆ + இ = 0 என்றால் −1-உம் விடைதான். 'மிகை எண்கள்' என்று சொல்லாமல் விருப்பங்களில் இரண்டையும் வைத்திருந்தால் அந்தக் கேள்வி செல்லாது.

ஜிமேட் (மேலாண்மைப் படிப்புக்கான நுழைவுத் தேர்வு) வகைத் தரவுப் போதுமைக் கேள்விகளில், இரண்டு கூற்றுகளைக் கொடுத்து அவை விடை காணப் போதுமா என்று கேட்பார்கள்; அந்தக் கூற்றுகள் ஒன்றையொன்று மறுக்கக் கூடாது. முதல் கூற்றிலிருந்து 2 அல்லது 3, இரண்டாவதிலிருந்து 4 அல்லது 5 என்று வந்தால், முதலில் உங்கள் கணக்கைச் சரிபாருங்கள். அது சரியென்றால் கேள்வியைத் தூக்கிப் போடுங்கள்.

அசல் தேர்வில் தப்பே வராதா? வரும். 1982 மே மாதம், அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வில், ஒரு வட்டம் இன்னொன்றைச் சுற்றி உருளும்போது எத்தனை முறை சுழலும் என்ற கேள்விக்கு (அது வடிவியல்), சரியான விடையான 4 ஐந்து விருப்பங்களிலும் இல்லை. பின்னால் அந்தக் கேள்வியையே நீக்கினார்கள். ஆனால் அது அபூர்வம். ஜிமேட், எஸ்.ஏ.டி. போன்ற பெரிய தேர்வுகளில் கேள்விகளை முன்னோட்டம் பார்த்த பிறகே மதிப்பெண்ணுக்கு வைக்கிறார்கள். பயிற்சிப் புத்தகத்துக்கு அந்த வடிகட்டி இருக்கும் என்று நம்பிவிட முடியாது.

அதனால் தேர்வறையில் நீதிபதி ஆகாதீர்கள். சூத்திரம் தரும் விடை விருப்பங்களில் இருந்தால் குறித்துவிட்டு நகருங்கள். வீட்டில் படிக்கும்போது, எந்த எண்ணை மாற்றினால் கேள்வி பிழைக்கும் என்று பாருங்கள். முதல் கணக்கில் 5-ஐ 3 ஆக்கினால் போதும்: எண்கள் 1, 3, விடை 10.