புயல் ஓய்ந்த பிறகு வரும் கேமரா

பழைய படங்கள் போடும் பக்கங்களில் டிசம்பர் பிறந்தால் ஒரு படம் தவறாமல் சுற்றும். பனிக்கு மேலே ஒரு கம்பத்தின் உச்சியும் குறுக்குச் சட்டமும் மட்டும் தெரியும். பக்கத்தில் ஒருவர் நிற்பார், கையை உயர்த்தினால் கம்பியைப் பிடித்துவிடலாம். அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில், ஜேம்ஸ்டவுன் அருகே 1966 மார்ச் 9 அன்று எடுத்தது. கீழே கமெண்ட்டும் மாறாது: "இவ்ளோ பனியில வாழ்ந்திருக்காங்க, அந்தக் காலத்து ஆளுங்க இரும்புய்யா."

இந்த இரும்புக் கதைதான் எனக்கு ஒப்பவில்லை.

முதலில், ஊர் முழுக்க அந்த உயரத்துக்குப் பனி கிடக்கவில்லை. ஜேம்ஸ்டவுன் இருக்கும் பிரெய்ரி என்பது வறண்ட புல்வெளி. மலைப்பக்கம் போல அங்கே பனி கொட்டித் தீர்ப்பதில்லை, ஆட்டி வைப்பது காற்றுதான். தடுக்க மரமோ மேடோ கிடையாது. எங்கோ விழுந்த பனியை வாரிக்கொண்டுவந்து வீட்டுச் சுவர், வேலி, ரயில் பாதை என்று எது குறுக்கே நிற்கிறதோ அங்கே குவித்துவிடும். நாலு மைல் தள்ளிப் போனால் புல்நுனி வெளியே தெரியும். ஜேம்ஸ்டவுன் படத்தோடு ஒரு குறும்பான குறிப்பும் உண்டு: இதுக்குக் கீழே எங்கேயோ ஒரு ரயில் இருக்குன்னு நினைக்கிறேன் என்று.

இரண்டாவதுதான் முக்கியம். அந்தப் பனியைக் குவித்த புயல் அடித்தது மார்ச் 2 முதல் 5 வரை. படம் எடுத்தது 9ஆம் தேதி. பிரெய்ரிக் குளிர்காலப் படங்களில் நாம் ரசிக்கிறவை பெரும்பாலும் இப்படித்தான்: புயல் ஓய்ந்து, வெயில் அடித்து, பிழைத்தவர்கள் வெளியே வந்து நின்ற பிறகு எடுத்தவை.

1880 அக்டோபரிலேயே தொடங்கிய ஒரு குளிர்காலம் டகோட்டாவையும் மினசோட்டாவையும் வசந்தம் வரை விடவில்லை. ரயில் நின்றுபோனதால் பல ஊர்களில் மாவும் இல்லை, நிலக்கரியும் இல்லை. விதைக்கு வைத்திருந்த கோதுமையைக் காப்பிக்கொட்டை அரைக்கும் கைமில்லில் போட்டு அரைத்தார்கள். வைக்கோலைக் கயிறாக முறுக்கி அடுப்பெரித்தார்கள். நாள் முழுக்க முறுக்கினாலும் அடுப்புக்குப் போதாது. அந்தக் குளிர்காலத்தின் பிரபலமான படம் எது? 1881 மார்ச் 29 தேதியிட்டது. பனிச்சுவருக்கு நடுவே ஒரு ரயில், அதன் மேல் ஒரு மனிதர். பிரமாதமான படம்தான். ஆனால் வைக்கோல் முறுக்கிய கைகள் அதில் இல்லை.

1888 ஜனவரி 12 இன்னும் மோசம். காலையில் இதமாக இருந்ததால் கனத்த கோட்டு இல்லாமல் பிள்ளைகள் பள்ளிக்குப் போனார்கள். பகலிலேயே வானம் இடிந்து விழுந்தது போல் புயல். மாவு போன்ற பொடிப்பனி. நீட்டிய கை கண்ணுக்குத் தெரியாது. பள்ளியிலிருந்து வீடு திரும்பும் வழியில் மட்டும் எத்தனை பிள்ளைகள்! மொத்தம் 235 பேர் இறந்ததாகப் பொதுவாகச் சொல்கிறார்கள். அந்த வெண்ணிருட்டை எந்தக் கேமரா எடுத்திருக்கும்? நல்ல வெயிலிலேயே படமெடுக்கும் அன்றைய கண்ணாடித் தட்டுகளுக்கு நீல வானமும் வெண்பனியும் ஏறக்குறைய ஒன்று. பழைய படங்களில் தொடுவானம் காணாமல் போவது பாதி இதனால்தான். நாமோ அதைப் பார்த்து 'என்ன ஒரு ஏகாந்தம்' என்று உருகுகிறோம்.

யாருக்காக எடுத்தார்கள் என்றும் பார்க்க வேண்டும். கனடாவில் கிளிஃபர்ட் சிஃப்டன் உள்துறை அமைச்சராக இருந்த காலத்தில் (1896–1905) குடியேற ஆள் பிடிக்க அரசு அச்சிட்டதெல்லாம் பொன்னிறக் கோதுமை வயல். பனியைத் தேடிப் பிடிக்க வேண்டும். அரசு தருவதாகச் சொன்ன 160 ஏக்கர் நிலத்தை நம்பி வந்தவர்கள்தான் பிறகு பனியைப் படமெடுத்து அஞ்சலட்டையாக்கி ஊருக்கு அனுப்பினார்கள், 'பாருங்கள், நாங்கள் தாக்குப்பிடித்துவிட்டோம்' என்று. பெருமை அவர்களுக்கு உரியதுதான். கனடாவின் சஸ்காட்சுவன் மாகாணத்துப் பள்ளி வண்டிப் படங்கள் எனக்கு ரொம்பப் பிடிக்கும்: சறுக்குச் சட்டத்தின் மேல் ஒரு மரக்கூண்டு, உள்ளே அடுப்பு, கூரையில் புகைபோக்கி, முன்னால் குதிரைகள். வண்டி கவிழ்ந்தால் அடுப்பும் பிள்ளைகள் மேல் கவிழும் என்பது மட்டும் படத்தில் வராது.

இதே பனி, இதே வியாபாரம் இன்னொரு படத்தையும் தந்தது. 1890 டிசம்பர் 29 அன்று வூண்டட் நீ ஓடைக்கரையில் அமெரிக்கக் குதிரைப்படை பூர்வகுடிகளான லகோட்டா மக்களைச் சுட்டுத் தள்ளியது, பெண்களும் குழந்தைகளும் உட்பட. பிறகு பனிப்புயல். உடல்கள் கிடந்த இடத்திலேயே உறைந்தன. ஜனவரியில் புதைக்க வந்த கூட்டத்தோடு, நெப்ராஸ்காவின் சாட்ரன் ஊரில் கடை வைத்திருந்த ஜார்ஜ் டிரேகரும் கேமராவோடு வந்தார். 146 பேரை ஒரே குழியில் போட்டார்கள். தலைவர் ஸ்பாட்டட் எல்க் பாதி எழுந்த நிலையில் பனியில் உறைந்து கிடக்கும் படம் பிரதி பிரதியாக விற்றது. 'பிரெய்ரியின் குளிர்காலம்' ஆல்பம் போடுகிறவர்கள் இதைச் சேர்ப்பதில்லை. வரலாற்றுப் பக்கம் வேறு, நாஸ்டால்ஜியா பக்கம் வேறு என்று பிரித்துவைத்திருக்கிறோம். இடம் ஒன்று, பனி ஒன்று, அந்த 160 ஏக்கர் நிலமே யாரிடமிருந்து வந்தது என்பதும் இந்தக் கதைக்குள்தான் இருக்கிறது.

என்னைக் கேட்டால், அந்த ஆல்பத்தில் முதலில் வர வேண்டியது கேமரா எடுத்த படமே அல்ல. லகோட்டா, நகோட்டா மக்கள் ஆண்டைக் குளிர்காலமாக எண்ணினார்கள். முதல் பனியிலிருந்து அடுத்த முதல் பனி வரை ஓர் ஆண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு சித்திரத்தைத் தோலில் வரைவார்கள். லோன் டாக் என்பவர் காட்டெருமைத் தோலில் வைத்திருந்த கணக்கு 1800இல் தொடங்கி எழுபத்துச் சொச்சம் குளிர்காலங்கள் போகிறது. முதலாவது, குரோ இனத்தாரோடு நடந்த சண்டையில் செத்தவர்களுக்காக முப்பது கறுப்புக் கோடுகள். அடுத்தது, உடம்பெல்லாம் புள்ளி வைத்த ஓர் ஆள்: பெரியம்மை. 1833இல் நட்சத்திரங்கள் கொட்டிய இரவும், அதாவது விண்கல் மழையும், அதில் உண்டு. பிழைத்து வந்து கேமரா முன்னால் நிற்கிற ஒருவர்கூடக் கிடையாது.